பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் என்ன செய்கிறீர்கள்?

மூன்றாம் ஆண்டு மாணவன்:
சேரும்போது ஊரே சொன்னது, “இங்கிலீஷ் படித்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்” என்று. இப்போது அதே ஆட்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “டீச்சர் வேலைதானே?” என்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் இன்னும் இரண்டு ஆண்டு பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் நியமனத் தேர்வு என்று நான் விளக்குவதற்குள் ரசம் வந்துவிடுகிறது. சாசரும் மில்டனும் எனக்கு கைடு வழியாகத்தான் பழக்கம். கட்டுரைக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன். யாராவது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் நா எழாது. வேலைக்குப் போனவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள்.

பி.பி.ஓ. ஊழியர், சென்னை:
தம்பி, நேர்காணலில் என்னை முதலில் சோதித்தது மனிதர் இல்லை, கணினி. ஹெட்போனில் ஒரு வாக்கியம் ஒலிக்கும்; அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து, ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கி இடம் மாற்றிச் சொல்லும். நாம் சரியாகக் கோத்துச் சொல்ல வேண்டும். ஒலியியல் தாளில் சொற்களை ஒலிக்குறியீட்டில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அவற்றில் ஒன்றையாவது வாய்விட்டுச் சொல் என்று மூன்று ஆண்டும் யாரும் கேட்டதில்லை! என்னோடு வந்த டிப்ளமோ பையன், ஆங்கில கிரிக்கெட் வர்ணனை கேட்டே வளர்ந்தவன், அலட்டாமல் தேறினான். ஆங்கிலச் செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பழகிய பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளம் பரவாயில்லை. இரவுப் பணிதான் உடம்பைத் தின்கிறது.

இளநிலை உதவியாளர்:
தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து நம் ஆட்கள் கரையேறினார்கள். இப்போது அந்த வாய்ப்பு இல்லை. 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். ஷேக்ஸ்பியரை விட்டுவிட்டு ஆகுபெயரும் அளபெடையும் படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அக்கா சொல்வதுபோல் பேசிப் பழகுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே பள்ளித் தமிழ்ப் புத்தகங்களையும் புரட்டுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் இருக்கின்றன. எந்த மாவட்டம் என்று சொன்னால் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். ஓரங்களில் என் தம்பி மீசை வரைந்து வைத்திருப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.