முதலில் வாத்தியார், அப்புறம் வாத்தியம்

குழு: நம்ம குடும்பம்

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். அம்மா பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்த பணம் அடுத்த வாரம் கைக்கு வருகிறது. நமக்கு இப்போது அந்தப் பணம் தேவையில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அம்மாவுக்குப் பாட்டு என்றால் உயிர், முறையாகக் கற்றுக்கொள்ளத்தான் வாய்க்கவில்லை. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக இசை சொல்லித்தரும் இடத்துக்கு அதைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நல்ல வயலின்களாக மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றிலும் அம்மா பெயரைப் பொறித்துக் கொடுத்துவிடலாமா? கருத்து சொல்லுங்கள்.

கலா சித்தி: ரொம்ப நல்ல காரியம். அத்தை இருந்திருந்தால் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

செல்வி அக்கா: எனக்கு முழுச் சம்மதம் அப்பா.

மணி மாமா: மச்சான், கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கஷ்டப்படும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பள்ளிக் கட்டணமும் புத்தகமும் இல்லையா? பாட்டெல்லாம் அப்புறம்தானே?

கார்த்தி: மாமா, பராகுவேயில் கத்தேயுரா என்று ஓர் இடம், ஊர்க் குப்பையெல்லாம் வந்து விழுகிற கிடங்கு. அங்கே குப்பை பொறுக்குகிறவர்களின் பிள்ளைகள் எண்ணெய் டின்னிலும் முள்கரண்டியிலும் செய்த வயலின், செல்லோ வாசித்து உலகம் முழுக்கக் கச்சேரி செய்திருக்கிறார்கள். பெரியப்பா சொல்வது போல வாத்தியம் கொடுத்தால் நம்மாலும் அப்படி ஒன்றை உருவாக்க முடியும்.

வித்யா: கார்த்தி, அந்தக் கதையில் வாத்தியத்துக்கு முன்னால் வந்தது வாத்தியார். ஃபாவியோ சாவேஸ் அங்கே குப்பை மறுசுழற்சி வேலைக்காகப் போனவர். இசை தெரிந்தவர் என்பதால் 2006-இல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். வந்த பிள்ளைகள் அதிகம், வாத்தியம் போதவில்லை. அப்போதுதான் நிக்கோலாஸ் கோமேஸ் என்கிற குப்பை பொறுக்கும் தொழிலாளி கையில் கிடைத்த தகரத்தை வைத்து வாத்தியம் செய்ய ஆரம்பித்தார். சொல்லித்தர ஆள் இருந்ததால்தான் டின் கூட வயலின் ஆனது.

வித்யா: பெரியப்பா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டி பணம் இதற்குப் போவதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆனால் வயலின் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். இரவு விரிவாக எழுதுகிறேன், இப்போது வகுப்பு இருக்கிறது.

பெரியப்பா: தப்பாக எதுவும் இல்லை கண்ணு. நீ வசதியில்லாத பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தருகிறவள். நிதானமாக எழுது.

செல்வி அக்கா: ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தருவது ஒன்றும் புதிது இல்லை மாமா. வெனிஸில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் விவால்டி 1703-இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். இல்லம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அந்தப் பெண்களின் வாசிப்பைக் கேட்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். பெற்றோர் யார் என்றே தெரியாத குழந்தைகளுக்கு இசை எதற்கு என்று அன்றைக்கு அவர்கள் நினைக்கவில்லை.

மணி மாமா: சரி செல்வி, ஒத்துக்கொள்கிறேன். வித்யா எழுதட்டும்.

(இரவு)

வித்யா: பெரியப்பா, நான் பார்த்ததைச் சொல்கிறேன். வயலின் ஒரே அளவில் இருப்பதில்லை. கால், அரை, முக்கால், முழு அளவு என்று பிள்ளையின் கை நீளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏழு வயதில் கால் அளவு பிடித்த பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அது சின்னதாகிவிடும். பெயர் பொறித்துப் பரிசாகக் கொடுத்தால் பரணுக்குத்தான் போகும். ஆகவே வாத்தியங்கள் வகுப்புக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல பிள்ளை கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும். வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்து அடுத்த அளவை வாங்கிக்கொள்ளும்.

வித்யா: அப்புறம் பராமரிப்பு. வயலினில் மேல் தந்திதான் இருப்பதிலேயே மெல்லியது, பெரும்பாலும் அறுவது அதுதான். மாற்றுத் தந்தி இல்லை என்றால் அந்தப் பிள்ளை மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சில வாரம் அப்படி உட்கார்ந்தால் வருவதையே விட்டுவிடும். வில்லின் முடி தேயும், தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி கீழே விழுந்து உடையும். ஒருமுறை ஓர் இடத்தில் நன்கொடையாக வந்த கீபோர்டுகளை அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். பாதிக்கு அடாப்டர் இல்லை, வாங்கித்தர யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். அடாப்டர் வாங்க, தந்தி வாங்க என்று யாரும் நன்கொடை தருவதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

கலா சித்தி: அடப் பாவமே. அத்தனையும் பூட்டியா கிடந்தது?

வித்யா: ஆமாம் சித்தி. இதைவிடப் பெரிய விஷயம் வாத்தியார் சம்பளம். சம்பளம் இல்லாமல் சேவையாகச் சொல்லித்தர வருகிறவர்கள் தங்கமானவர்கள். ஆனால் வேலை மாறும், கல்யாணம் ஆகும், வீடு மாறும், போய்விடுவார்கள். புதியவர் வந்ததும் வில் பிடிப்பதில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே வாழ்க்கையில் பலர் பாதியில் விட்டுப்போன பிள்ளைகள் இவர்கள். இங்கேயும் ஒருவர் விட்டுப்போனால் அவர்களுக்கு நம்பிக்கையே போய்விடுகிறது. பாட்டி பணத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்து ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கொடுத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மணி மாமா: மூன்று வருடம் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

வித்யா: நல்ல கேள்வி மாமா. லாஸ் ஏஞ்சலஸில் ஹார்மனி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்றுத்தருகிறது. நினா க்ராஸ் என்ற மூளை ஆய்வாளரின் குழு அங்கே படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. ஒரு வருடம் கற்ற பிறகு மாற்றம் தெரியவில்லை. இரண்டு வருடம் கற்றவர்களிடம்தான், ஒன்றுபோல் ஒலிக்கும் அசைகளை மூளை பிரித்தறிவது கூர்மையாகியிருந்தது. வாசிக்கக் கற்பதற்கு உதவுகிற திறமை அது. உங்கள் முதல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது மாமா, இசை படிப்புக்குப் போட்டி இல்லை. ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பலன் தெரியும் முன்னே கையை எடுத்த மாதிரி ஆகிவிடும்.

கார்த்தி: வெனிசுவேலாவில் எல் சிஸ்டெமா என்று பிள்ளைகளுக்கான இசைத் திட்டம் ஒன்று இருக்கிறதே அக்கா, பெரிய இசைக்குழுக்களை நடத்தும் குஸ்தாவோ துதாமெல் வந்தது அங்கிருந்துதானே?

வித்யா: ஆமாம். ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் ஒரு கார் கொட்டகையில் பதினோரு பிள்ளைகளோடு தொடங்கியது. பிறகு லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். அது நிலைத்ததற்குக் காரணம், அரசாங்கப் பணம் வருடம் தவறாமல் வந்தது. ஆனால் அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வு 2,914 பிள்ளைகளைப் பார்த்தது. தன்னை அடக்கிக்கொள்ளும் பழக்கம் கூடியது, வன்முறைக்கு நடுவில் வளர்ந்த பையன்களிடம் முரட்டுத்தனமும் குறைந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சேர்ந்தவர்களில் ஏழைகள் 16.7 சதவீதம்தான், அவர்கள் வாழும் மாநிலங்களிலோ ஏழ்மை 46.5 சதவீதம். இலவசம் என்று பலகை வைத்தாலும் மிக ஏழைப் பிள்ளைகள் தானாக வந்துவிடுவதில்லை.

செல்வி அக்கா: இலவசமாக இருந்தும் ஏன் வருவதில்லை?

வித்யா: பேருந்துக் காசு இருக்காது. பள்ளி விட்டதும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பெண், குரல் அப்படி ஒரு சுத்தம், திடீரென்று நின்றுவிட்டாள். விசாரித்தால், மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்றோம். இப்போது அவன் மூலையில் பாயில் உட்கார்ந்து அக்கா பாடும் சரளி வரிசையைச் சொல்லிக்கொண்டே வண்ணம் தீட்டுகிறான். வீட்டில் ஒரே அறை, அதில் கைக்குழந்தை தூங்கும், எங்கே பயிற்சி செய்வது என்று கேட்ட பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வகுப்பு இல்லாத நேரத்திலும் அறையைத் திறந்து வைக்க வேண்டும். அதற்கு ஒருவர் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். நன்கொடை போக வேண்டிய இடம் இதெல்லாம்தான்.

மணி மாமா: புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், இதில் எத்தனை பேர் பெரிய வித்வான் ஆவார்கள்?

வித்யா: மிகச் சிலர் மாமா, ஒருவர்கூட ஆகாமலும் போகலாம். கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எத்தனை பேர் ராமானுஜன் ஆவார்கள் என்று நாம் கேட்பதில்லையே. பக்கத்தில் வாசிப்பவனின் சுருதியைக் கேட்டுத் தன் விரலை நகர்த்தும் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்வி உங்களுக்கே வராது.

(அடுத்த நாள் காலை)

கலா சித்தி: பிள்ளைகளோடு நின்று ஒரு படம் எடுத்துக் குழுவில் போடலாமா? உறவுக்காரர்கள் பார்த்தால் அவர்களும் கொடுப்பார்கள்.

வித்யா: வேண்டாம் சித்தி. அந்தப் படம் கூடப் படிக்கும் பிள்ளைகள் கண்ணிலும் படும். "இவனுக்குத் தானமாகக் கிடைத்தது" என்று யாரும் சொல்லக் கூடாது. ஆண்டு விழாவில் அவர்கள் மேடையேறி வாசிக்கும்போது எல்லோரும் வந்து கை தட்டுவோம். உறவுக்காரர்களையும் அழைத்து வாருங்கள்.

கலா சித்தி: அதுவும் சரிதான். அழைத்து வருகிறேன்.

செல்வி அக்கா: என் பங்குக்கு ஒன்று. பணம் கொடுக்கும் முன் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். தனி அறையில் கதவை மூடிக்கொண்டு பாடம் கூடாது, புகார் சொல்ல ஆசிரியர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் இருட்டும் முன் வீடு சேர வழி வேண்டும். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடம் எவ்வளவு நன்றாகச் சொல்லித்தந்தாலும் வேண்டாம்.

மணி மாமா: செல்வி சொன்னது நூற்றுக்கு நூறு. தணிக்கை செய்த கணக்கையும் கேட்போம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு நிச்சயம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் அவர்களும் துணிந்து ஆளை வேலைக்கு வைப்பார்கள்.

வித்யா: மாமா, இதைத்தான் எதிர்பார்த்தேன். ரொம்ப நன்றி.

பெரியப்பா: எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வயலினில் அம்மா பெயரைப் பார்க்க எனக்கு ஆசை, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒருவர் மாதாமாதம் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவார் என்றால் அது இன்னும் நல்லது. சம்பளத்துக்குப் பெரும்பங்கு, மீதியில் தந்தி, பழுது, பேருந்துக் காசு. சரிதானே வித்யா?

வித்யா: ரொம்பச் சரி பெரியப்பா. பேருந்துக் காசை மட்டும் வாத்தியார் கையில் கொடுத்து, யாருக்கு என்று வெளியே சொல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

பெரியப்பா: அப்படியே செய்வோம். முதலில் நேரில் பார்க்க வேண்டும். எப்போது வரலாம்?

வித்யா: சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வகுப்பு. நன்கொடை தருகிறவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். என் வீட்டுப் பெரியவர்கள், பாட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

மணி மாமா: நானும் வருகிறேன் மச்சான். கணக்குப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல் வித்யா.

கலா சித்தி: மாடியா, கீழேயா? எனக்கு முழங்கால் வலி.

வித்யா: கீழேதான் சித்தி. தாராளமாக வாருங்கள்.