இணையவழிக் குற்றவியல் நீதிப் படிப்பு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

கலிபோர்னியாவில் இருக்கும் உறவுகளுக்கு வணக்கம். என் மகள் இங்கே சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் நீதி படிக்கிறாள். வகுப்புகள் எல்லாம் ஆன்லைனில்தான். பகலில் கடை வேலை. இரவில் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சட்டப் பாடத்தில் மூழ்கிவிடுகிறாள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே உள்ள அசோசியேட் பட்டத்தை (ஈராண்டுப் பட்டம்) 60 யூனிட்டில் (பாட அளவு) முடித்தால், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதி இல்லை. அதுதான் எங்கள் கவலை. சான் ஹோசே கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வருவாள். விடுதிச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: புள்ளியியல் பாடத்தை இங்கேயே முடித்துவிடுவது நல்லதா? நேரில் பார்க்காத பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்டீர்கள்? அக்டோபர் 1 அன்று விண்ணப்பம் தொடங்குகிறது. அதற்குள் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.