கோப்ரலுக்கு ஓராண்டு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

அக்கா: எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்துல கோப்ரலா இருந்த நம்ம தம்பி போயி அடுத்த மாசம் ஒரு வருஷம் ஆவுது. திதி வீட்டுலதான். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவன் கூட்டாளிங்க மோட்டார் சைக்கிள்ல பினாங்குத் தீவைச் சுத்தி வரணும்னு கேக்குறாங்க, அம்மாவுக்கும் சம்மதம். அம்மா கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அவன் யமஹா ஆர்.எக்ஸ்.இசட் மோட்டார் சத்தத்தை ஒரு தடவை கேக்கணுமாம். வண்டி அப்போ மூடுனது, அப்படியே பின்கட்டுல நிக்குது. பெரியப்பா, ஸ்டார்ட் ஆவுமா?

சின்னவன்: ம்மா, நான் இப்பவே போயி உதைச்சுப் பாக்குறேன்.

ஜெலுத்தோங் பெரியப்பா: உதைக்காதடா. ஒரு வருஷம் நின்ன டூ-ஸ்ட்ரோக்ல சிலிண்டர் சுவர் காஞ்சு போயிருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். காஞ்சதை வேகமா உதைச்சா கோடு விழுந்துடும், அப்புறம் சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி புது பிஸ்டன் போடணும். முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்து. ராத்திரி பூரா விடு. காலையில பிளக் இல்லாமலே கிக்கைக் கையால மெதுவா பத்துப் பதினஞ்சு தடவை அமுக்கு. வழுக்கிக்கிட்டு போனா நல்லது. எங்கயாவது கடிச்சா நிறுத்திட்டு எனக்கு போன் போடு.

சின்னவன்: சரி தாத்தா. டேங்க்ல கால்வாசி பெட்ரோல் இருக்கு, அதையே வெச்சுக்கலாமா?

ஜெலுத்தோங் பெரியப்பா: வேணாம், முழுசா இறக்கிடு. நாள்பட்ட பெட்ரோல் கார்புரேட்டர்ல கோந்து மாதிரி படியும். பைலட் ஜெட், அதாவது ஐட்லிங்ல பெட்ரோல் விடுற ஓட்டை, ரொம்பச் சின்னது, முதல்ல அடைக்கிறது அதுதான். அது அடைச்சா வண்டி சோக் போட்டா மட்டும் ஓடும், சோக்கைத் தள்ளுனா செத்துடும். கம்பி விட்டுக் குத்தாத, ஓட்டை பெருசாயிடும். கார்பு கிளீனர் அடிச்சு, காத்து அடிச்சாப் போதும். டேங்க் உள்ள டார்ச் அடிச்சுப் பாரு, துரு இருந்தா ஸ்டார்ட் பண்ற பேச்சே எடுக்காத.

ஜெலுத்தோங் பெரியப்பா: முக்கியமானது இனிமேதான். ஆட்டோலூப் பம்ப், அதாவது இஞ்சினுக்குத் தானா ஆயில் அனுப்புற பம்ப். ஆயில் டேங்க்ல இருந்து பம்புக்குப் போற குழாய்ல காத்துக் குமிழி நின்னா பிஸ்டனுக்கு ஆயில் போவாது, கொஞ்ச நேரத்துலயே இஞ்சின் பிடிச்சுக்கும். பம்புல காத்து எடுக்குற ஸ்க்ரூ இருக்கு. அதைத் திறந்து, குமிழி நிக்கிற வரைக்கும் ஆயிலை ஒழுக விட்டு மூடணும். அதுக்கு மேல ஒரு காப்புக்காக முதல் பெட்ரோலை ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி கலந்து ஊத்து. புகை ஜாஸ்தி வரும், பயப்பட வேணாம்.

பட்டர்வொர்த் அண்ணன்: பெரியப்பா சொல்றதோட ஒண்ணு. வண்டியைக் கழுவுறேன்னு கிரீஸ் கரைக்கிற மருந்தை அடிச்சுடாதப்பா. இஞ்சின் மவுண்டிங், பின் சக்கர அச்சு, காலிப்பர் போல்ட் எல்லாத்துலயும் கோப்ரல் மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருப்பான். போல்ட்டை முறையா இறுக்கினதும் போல்ட் தலைக்கும் பாடிக்கும் சேர்த்து இழுக்குற கோடு அது. போல்ட் தளர்ந்தா கோடு ரெண்டா விலகும், ஸ்பேனர் எடுக்காமலே கண்ணால தெரிஞ்சுடும். கேம்ப் ஒர்க்‌ஷாப்ல கத்துக்கிட்டதை தன் மோட்டாருக்கும் அப்படியே செஞ்சவன் அவன்.

அக்கா: ஆமா, அந்த மஞ்சள் கோடு சைக்கிள்ல கூட இருக்கு. அவனோட நோட்டு ஒண்ணும் கெடைச்சது. தேதி, கிலோமீட்டர், மாத்தின சாமான், வெலை, பக்கம் பக்கமா. படம் போடுறேன்.

ஜெலுத்தோங் பெரியப்பா: இந்தப் பக்கம் ரொம்ப உதவும்மா. கிராங்க் தண்டோட ரெண்டு பக்க ஆயில் சீலும் மாத்தியிருக்கான், அதுக்கப்புறம் வண்டி அதிகம் ஓடல. சீல்தான் எனக்குக் கவலையா இருந்துச்சு. நிக்கிற வண்டியில ரப்பர் இறுகிப் போவும். மேக்னட் பக்கம் சீல் போனா காத்து உள்ள இழுக்கும், திராட்டலை விட்டாலும் சத்தம் இறங்காது. கிளட்ச் பக்கம் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளையா புகைஞ்சுக்கிட்டே இருக்கும். சின்னவா, இந்த ரெண்டுல எது தெரிஞ்சாலும் உடனே அணைச்சுடு.

அத்தை: அம்மாவுக்குக் காட்டுறப்ப வீட்டுக்குள்ள போடாதீங்கப்பா.

ஜெலுத்தோங் பெரியப்பா: சரியா சொன்னீங்க. பின்கட்டுல புகை தங்கும், அது விஷப்புகை. வாசல்ல, ரோட்டோரமா நிறுத்தி, அம்மாவை அஞ்சாறு அடி தள்ளி நாற்காலி போட்டு உக்கார வைங்க. பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்ல, இது மேக்னட்ல ஓடுற சி.டி.ஐ. இக்னிஷன், கிக்குல எந்திரிக்கும். முறுக்கிக் காட்ட வேணாம். ஐட்லிங் சத்தமே அவங்களுக்குப் போதும்.

அக்கா: சரி பெரியப்பா. இன்னொண்ணு. அன்னிக்கு வாசிக்க ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். "லெபனான் போர்ல வீரமாப் போராடியவர்"னு ஆரம்பிக்குது. பட்டர்வொர்த் தம்பி, பாத்துச் சொல்லுங்க.

பட்டர்வொர்த் அண்ணன்: அக்கா, அந்த வரியை எடுத்துடலாம். கோப்ரலுக்கே பிடிக்காது. மலேசியப் படை அங்க ஐ.நா. அமைதிப் படையா 2007லதான் போக ஆரம்பிச்சது. 2006 போர் முடிஞ்ச பிறகு தெற்கு லெபனான்ல அமைதியைக் காக்கப் போனது. ரோந்து போற காண்டோர் கவச வண்டி காலையில ஸ்டார்ட் ஆகணும், நடு ரோட்டுல நிக்கக் கூடாது. கோப்ரலோட வேலை அதுதான். அவன் கை வெச்ச வண்டியை நம்பித்தான் மத்தவங்க வெளிய போனாங்க. அதை உள்ளபடி எழுதுங்க, அதுவே பெருசு.

பட்டர்வொர்த் அண்ணன்: வரிசை இப்படி வரட்டும்: 19 வயசுல சேந்தது, போர்ட் டிக்சன்ல ரெக்ரூட் பயிற்சி, பிறகு ராணுவ வண்டி, இயந்திரம் பழுது பாக்குற கோர், அதாவது ஜுருத்தேரா லெத்ரிக் டான் ஜெந்தேரா. பிறகு லெபனான். 31 வயசுல வெளிய வந்தது. 21 வருஷம் முடிக்காததால பென்ஷன் கிடையாது, அதையும் மறைக்க வேணாம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா பக்கத்து பிளாட் பசங்களுக்குக் காசு வாங்காம செயின் இறுக்கவும் பிரேக் சரி பண்ணவும் சொல்லிக் குடுத்தான். அந்தப் பசங்கதான் இப்ப வர்றாங்க.

அக்கா: ஐ.நா. மெடலை சின்னவன் சட்டையில குத்திக்கட்டுமா? யூனிபார்மும் இருக்கு.

பட்டர்வொர்த் அண்ணன்: யூனிபார்ம் யாரும் போடக் கூடாதுக்கா. ராணுவத்துல இல்லாதவங்க செலோரெங், அதாவது ராணுவப் புள்ளி உடுப்பு போட்டா சட்டப்படி குத்தம். அயர்ன் பண்ணி, மடிச்சு, பெரே தொப்பியோட படத்துக்குப் பக்கத்துல வைங்க. மெடலைக் கண்ணாடி ஃபிரேம்ல போடலாம், பின்பக்கமும் தெரியணும். "அமைதிக்கான சேவையில்"னு இங்கிலீஷ்ல பொறிச்சிருக்கும். உலோகத்தை பாலிஷ் போட்டுத் தேய்க்க வேணாம், ரிப்பன்ல கறை ஏறிடும்.

சின்னவன்: அண்ணே, தீவைச் சுத்தும்போது மாமா வண்டியை நான் ஓட்டவா?

பட்டர்வொர்த் அண்ணன்: உன் ஆசை புரியுதுப்பா. ஆனா ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ் ரெண்டுமே முடிஞ்சிருச்சு. கெரான், அதாவது வண்டியோட உரிமைப் பத்திரம், இன்னும் கோப்ரல் பேர்லதான் இருக்கு. அக்கா, இதை இனிமே தள்ளிப் போடாதீங்க. அவனுக்கு வீடு நிலம் இல்ல, சேமிப்பும் மோட்டாரும் மட்டும்தான். அசையும் சொத்து மட்டும், 6 லட்சம் ரிங்கிட்டுக்குள்ளன்னா சொத்து நிர்வாகம் பண்ற அரசாங்க நிறுவனம் அமானா ராயாவே முடிச்சுக் குடுக்கும், கோர்ட்டுக்குப் போக வேணாம். இறப்புச் சான்றிதழ், அவன் ஐ.சி., அம்மாவோட ஐ.சி., உறவைக் காட்டுற பிறப்புச் சான்றிதழ், கெரான், பேங்க் புக் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க குடுக்குற கடிதத்தோட ஜே.பி.ஜே.ல, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவுல, பேர் மாத்தணும். அன்னிக்கு வண்டி என் ஹைலக்ஸ் பிக்கப்ல பின்னாடி வரட்டும்.

ஜெலுத்தோங் பெரியப்பா: பேர் மாத்தினதும் யாரும் விக்கக் கூடாது. புகையைச் சுத்தம் பண்ற காட்டலைசர் எக்ஸாஸ்ட்டோட ஒரிஜினலா நிக்கிற வண்டி இப்ப ரொம்பக் கம்மி. சத்தத்துக்காக அதை மாத்தச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டாங்க, அவன் தொடவே விடல. அதை நாமளும் காப்பாத்தணும்.

பட்டர்வொர்த் அண்ணன்: வழி இதுதான். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பகாங், அணைக்கட்டு தாண்டி தீத்தி கெராவாங், பாலிக் பூலாவ், அப்புறம் தெலுக் கும்பார் வழியா திரும்பி மதியச் சாப்பாட்டுக்கு ஸ்காட்லண்ட் ரோடு ராமகிருஷ்ண ஆசிரமம். பட்டர்வொர்த் பசங்க மோட்டாரோட ஃபெரியில வரலாம். ஃபெரியில இப்ப கார் ஏத்துறதில்ல, அதனால ஹைலக்ஸ் பாலத்து வழியா வரும். ஆறு ஆறு பேரா பிரிஞ்சு போறோம். நேர் ரோட்டுல இடம் வலமா மாறி மாறி, முன்னாடி வண்டிக்கு ரெண்டு செகண்ட் இடைவெளி. தெலுக் பகாங் தாண்டினதும் வளைவுல ஒத்தை வரிசை. புதுசா ஓட்டுறவங்க லீடருக்கு அடுத்த இடத்துல. கடைசில வர்றவன் கையில பிளக், டியூப், 2டி ஆயில். காலை மழை பேஞ்சிருந்தா அந்த மலை ரோட்டுல இலை வழுக்கும், முன் பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சுக்கோங்க. டூ-ஸ்ட்ரோக் வெச்சிருக்கவங்க பாலிக் பூலாவ் இறக்கத்துல திராட்டலை முழுசா மூடிட்டு கியர்லயே ரொம்ப நேரம் இறங்காதீங்க. இஞ்சின் சுத்து ஏறியிருக்கும், ஆயில் கொஞ்சமாத்தான் போவும். அப்பப்ப லேசா திறந்து விடுங்க.

அத்தை: ஆசிரமத்துல நான் பேசிட்டேன். அங்க இருக்குற பிள்ளைங்களுக்குச் சைவச் சாப்பாடு. நம்ம ஆளுங்க எத்தனை பேருன்னு புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.

சின்னவன்: ஹைலக்ஸ்ல ஏத்திக் கட்டுறதை நானே செய்யலாமா?

பட்டர்வொர்த் அண்ணன்: நீயே செய். ரேட்சட் பெல்ட் நாலு. பெட்ரோல் குழாயை மூடிட்டு, ரெண்டு பேரா தள்ளி ஏத்தணும், முன் சக்கரம் கேபின் சுவர்ல முட்டணும், முதல் கியர்ல விடு. முன்னாடி ரெண்டு பெல்ட்டை ஃபோர்க்கைப் பிடிக்கிற கீழ் கிளாம்புல மாட்டு, கைப்பிடி நுனியில மாட்டுனா வளைஞ்சுடும். ஃபோர்க் பாதி அமுங்குற வரைக்கும்தான் இறுக்கணும், முழுசா அமுக்குனா ஆயில் சீல் பிதுங்கும். பின்னாடி ரெண்டு பெல்ட் ஃபிரேம்ல. பெயிண்ட் படுற இடத்துல துணி வை. சைடு ஸ்டாண்டை மடக்கிடு, அதுல நின்னா குலுங்குறப்ப ஃபிரேம்ல விரிசல் விடும். பத்து நிமிஷம் ஓட்டினதும் நிறுத்தி மறுபடி இறுக்கணும், பெல்ட் கண்டிப்பா தளரும்.

சின்னவன்: சரிண்ணே. சனிக்கிழமை சாயங்காலம் துணியும் பலகையும் எடுத்து வைக்கிறேன். தாத்தா, ஆயில் ஊத்திட்டேன், பிளக் ஓட்டையைத் துணியால மூடியிருக்கேன்.

ஜெலுத்தோங் பெரியப்பா: நல்லது. பழைய பிளக்கைத் தூக்கிப் போடாத. நுனி என்ன நிறம்னு படம் எடுத்து அனுப்பு. காப்பி நிறமா இருந்தா கார்பு செட்டிங்கைத் தொடவே வேணாம், அவன் வெச்சது அப்படியே இருக்கட்டும்.