பொருள்: கியூடி ப்ரோலாங்கேஷன் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செவிலியர் பயிற்றுநர்:
அனைவருக்கும் வணக்கம். முடக்குவாதத்துக்கும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைச் சாப்பிடுவோருக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அந்த மருந்தால், ஈசிஜியில் கியூ அலை தொடங்கி டி அலை முடியும் வரையிலான நேரம் கூடிப்போவதை எப்படிச் சொல்வது? பழைய படியில் 'கியூடி இடைவெளி நீட்டிப்பு' என்றிருக்கிறது. பதவி நீட்டிப்பு போல ஒலிக்கிறது.

தமிழாசிரியர்:
'நீட்டம்' என்க. "நீட்டம் வேண்டின்" என்று அளபெடைக்குத் தொல்காப்பியமே ஆண்ட சொல். எழுத்து தன் மாத்திரை கடந்து ஒலிப்பது அளபெடை. இதயம் கடந்தால் 'இதய அளபெடை'. இமைநொடிக்கும் மாத்திரை, விழுங்குவதற்கும் மாத்திரை. இவ்வளவு பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்?

இதய மருத்துவர்:
ஐயா, அளபெடை செய்யுளின் ஓசையை நிறைக்கிறது. இது ஆளைச் சாய்க்கும். இதயத் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயிலை மருந்து அடைப்பதால், அடுத்த துடிப்புக்கு முன் மின்நிலை மீளத் தாமதமாகிறது. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கியூடி 500 மில்லிநொடியைத் தாண்டினாலே எங்களுக்குப் பதற்றம். ஹாலோஃபான்ட்ரின் என்ற இன்னொரு மலேரியா மருந்தோடு திடீர் மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டது இதனால்தான். பழைய மலேரியா மருந்தான குயினைனின் உறவான குயினிடினை இதயத் தாளத்தைச் சீராக்கவே கொடுத்தார்கள். அதற்கும் இதே கெடுதல் உண்டு. 'மின்மீட்சித் தாமதம்' என்றால் காரணமே பெயராகும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஆள்–ஆட்சி, மீள்–மீட்சி, நீள்–நீட்சி. தானாக நீள்வது நீட்சி. நீட்டம் 'நீட்டு' என்ற பிறவினையை நினைவூட்டி, யாரோ நீட்டியதுபோல் ஒலிக்கும்; நீட்டிப்பின் குறையே அதற்கும். கூடவே, 1966இல் பிரெஞ்சு மருத்துவர் தெசர்தென் பெயரிட்ட 'தார்சாத் த புவாந்த்' இருக்கிறதே, கியூடி நீண்டால் வரக்கூடிய ஆபத்தான தாளக்கோளாறு, ஈசிஜியில் கூர்முனைகள் முறுக்கிக்கொள்வது, அதை 'முறுக்கலை' எனலாமா?

தமிழாசிரியர்:
முறுக்கு அலையா, 'முறுக்கவில்லை' என்ற பேச்சுவழக்கு முறுக்கலையா? பிரித்துப் படிப்பவர் திண்டாடுவார். 'முனைமுறுக்கம்' என்க.

செவிலியர் பயிற்றுநர்:
அது அடுத்த மடலுக்கு. மின்மீட்சித் தாமதம் சரியான சொல்தான், ஆனால் ஈசிஜி தாளில் அச்சாகி வருவது கியூடி என்ற எண். 2020இல் கொரோனா வார்டில் இதே ஹைட்ராக்சிகுளோரோகுயினை அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்துக் கொடுத்தோம். இரண்டும் கியூடியைக் கூட்டுபவை. நள்ளிரவில் போனில் "கியூடி கூடியிருக்கு டாக்டர்" என்றுதான் சொன்னோம். நடுவே வெற்றிடம் எதுவும் இல்லாததால் 'இடைவெளி'யையும் எடுத்துவிடுகிறேன். 'கியூடி நேர நீட்சி' என்று போடுகிறேன். மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்ற வரி அதன் கீழேயே வரும்.

இதய மருத்துவர்:
சரி. காரணத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள்.

தமிழாசிரியர்:
நீட்சி இருக்கட்டும். கியூவும் டியும் தமிழெழுத்தல்ல. அதற்கு நான் இசையவில்லை என்று பதிவு செய்க.