துல்லியம், நுட்பம், மூன்றாவது ஒரு சொல்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், கோவை

குழுவினருக்கு வணக்கம். இயந்திரப் பட்டறைகளில் புதிதாகச் சேருவோருக்கான அளவீட்டுப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். அக்யூரசி, பிரசிஷன், ட்ரூனெஸ் ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. எனக்கோ மூன்றுக்கும் ‘துல்லியம்’ என்ற ஒரு சொல்தான் நாவில் வருகிறது.

கையேட்டின் எடுத்துக்காட்டு இது. சரியாக 25 மி.மீ. உள்ள அளவுக்கட்டையை ஒரு மைக்ரோமீட்டர் (சிறு நீளங்களை அளக்கும் கருவி) 25.030, 25.031, 25.030, 25.031 என்று காட்டுகிறது, இன்னொன்று 24.98, 25.02, 24.99, 25.01 என்று காட்டுகிறது. முன்னது மாறாமல் ஒரே பொய்யைச் சொல்கிறது, அந்த மாறாமை பிரசிஷன். பின்னது தடுமாறினாலும் சராசரியில் 25-ஐத் தொட்டுவிடுகிறது, அது ட்ரூனெஸ். இந்த இரண்டு குணங்களுக்கும், இரண்டும் சேர்ந்த நிலைக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

மடல் 2: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி

அம்மா, மேனிலை வகுப்பில் அக்யூரசியைத் துல்லியத்தன்மை என்றும் பிரசிஷனை நுட்பம் என்றும்தான் கற்பித்தோம். மாணவர்களும் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றார்கள். வழக்கில் ஊன்றிவிட்ட இணையை விட்டுவிட்டுப் புதியது தேட வேண்டியதில்லை. மூன்றாவது சொல் ஆங்கிலத்திலேயே மிகை என்பது என் கருத்து.

மடல் 3: மொழிபெயர்ப்பாளர், கோவை

ஐயா, மிகை என்று தள்ள முடியவில்லை. 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 5725 என்ற பன்னாட்டுத் தரநிலை, அதுவரை அக்யூரசி என்று பலர் வழங்கிவந்த பொருளை ட்ரூனெஸ் என்ற சொல்லுக்குக் கொடுத்துவிட்டு, ட்ரூனெஸும் பிரசிஷனும் சேர்ந்ததே அக்யூரசி என்று வரையறுத்தது. தங்கள் வகுப்பில் துல்லியத்தன்மை என்று சொன்னது இன்றைய ட்ரூனெஸுக்கு நெருக்கமானது. மேலும் ‘தொழில்நுட்பத்தின் நுட்பம்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். எழுதிய எனக்கே புரியவில்லை.

மடல் 4: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையீர், முதற்கண் துல்லியம் தமிழன்று. சமம் என்று பொருள்படும் வடமொழித் ‘துல்ய’ என்பதன் வழிவந்தது. அதன் அடியான துலை, அதாவது தராசு, தமிழே என்று வாதிடுவோர் உண்டெனினும், தூக்குதலைக் குறிக்கும் இலத்தீன வினையோடும் அதற்கு உறவு காட்டப்படுவதால் அவ்வழக்கை இங்கு எழுப்பவில்லை.

தாங்கள் தேடும் வேறுபாட்டை வள்ளுவரே தந்திருக்கிறார். ‘நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை அறிவே மிகும்’ என்னும் குறளில் நுண்மை ஒருபுறமும் உண்மை மறுபுறமும் நிற்கக் காண்கிறோம். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கிய குறள், ‘அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி’ என்று முடிகிறது. ஆகவே ட்ரூனெஸ் கோடாமை, ஒருபக்கம் சாயாமை. அதற்கு மாறான பயஸ், அதாவது அளவு ஒரே பக்கமாக விலகி நிற்பது, கோட்டம். நன்னூற் பாயிரமும் மரத்தின் கனக்கோட்டத்தைத் தீர்க்கும் நூலை மனக்கோட்டம் தீர்க்கும் நூலுக்கு உவமையாக்குகிறது. தச்சர்கள் இன்றும் அங்குலத்தில் எட்டிலொரு பங்கை ‘ஒரு நூல்’ என்றே அளப்பதையும் எண்ணிப் பாருங்கள். பிரசிஷனுக்கு நுண்மை போதும்.

மடல் 5: பொறியாளர், யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து மொன்றியலில்

ஐயா, கோடாமை அழகான சொல்தான், கோட்டம்தான் இடறுகிறது. கோயிலும் கோட்டம், பழைய தொண்டைமண்டலத்தின் ஆட்சிப் பிரிவும் கோட்டம், இன்று தமிழகத்தில் கோட்டாட்சியர் அமர்ந்திருப்பதும் கோட்டத்தில். ‘கருவியின் கோட்டம்’ என்றால் பயிற்சியாளர் எந்த அலுவலகத்துக்குப் போவார்? நுண்மையும் சரிவராது. முதல் மைக்ரோமீட்டரின் குணம் அளவின் சிறுமை அல்ல, மாறாமை. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது பகுதிறன், அது வேறு.

பிரெஞ்சுக்காரர் ட்ரூனெஸை ‘ஜுஸ்தெஸ்’ என்றும், பிரசிஷனை ‘ஃபிதெலித்தே’, அதாவது விசுவாசம், என்றும் எழுதுகிறார்கள். தன் முந்தைய அளவுக்கே விசுவாசமான கருவி என்று நினைத்தால் விளங்கிவிடுகிறது. ஆங்கிலச் சொற்களின் வேரைத் தோண்டினால் அக்யூரசியில் கவனமும் பிரசிஷனில் வெட்டுதலும்தான் கிடைக்கும். இந்த வேறுபாடு அந்த வேர்களில் இல்லை, குழு கூடி வரையறுத்துக் கொடுத்தது. தமிழ்ச் சொல்லிடம் மட்டும் வேரிலேயே எல்லாம் அடங்கியிருக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்?

இன்னொன்று. ஈழத்தில் நாங்கள் பிழையை வழு என்போம். நன்னூலார் பிழையற்ற வழாநிலை, பிழையான வழு, பிழையானாலும் ஏற்கப்படும் வழுவமைதி என்று மூன்று வைத்தாரே, இயந்திரப் பாகத்தில் ஏற்கத்தக்க விலகலான டாலரன்ஸை வழுவமைதி என்றால் என்ன?

மடல் 6: அளவுத்திருத்தக் கூட மேற்பார்வையாளர், ஓசூர்

வழுவமைதியை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று காலை எங்கள் பிள்ளைகள் ஆறு பேரிடம் அந்த இரண்டு மைக்ரோமீட்டர்களின் அளவுகளையும் எழுதிக் கொடுத்து, எது என்ன என்று கேட்டேன். கோடாமை என்றதும் ஒருவன் கோடு போடாமை என்று நினைத்துக்கொண்டான். இரண்டாவது கருவியைப் பற்றி அவர்களே சொன்னது, ‘ரீடிங் சிதறுது சார்’. முதலாவதைப் பற்றி, ‘முப்பது மைக்ரான் தள்ளிக் காட்டுது’, அதாவது 0.03 மி.மீ. சிதறல், தள்ளல் என்ற இரண்டும் அவர்கள் வாயில் இருக்கும்போது நாம் ஏன் ஏடு புரட்டுகிறோம் என்று தோன்றியது. முதலாவதை அளவுத்திருத்தம் செய்தோ கழித்துக் கணக்கிட்டோ சரிப்படுத்தலாம். இரண்டாவதின் சிதறலை அப்படிக் கழிக்க வழியில்லை. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் கொஞ்சம் அடக்கலாம், அவ்வளவே. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்.

மடல் 7: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி

சிதறல் என்பதிலிருந்து பிரசிஷனுக்குச் சிதறாமை என்று ஆக்கினால் ஏற்கிறேன். ஆனால் ஒளிச்சிதறல் ஏற்கெனவே பாடத்தில் இருப்பதை யாரும் மறந்துவிட வேண்டாம். தள்ளலையும் புள்ளியியலில் உள்ள திட்டவிலக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். திட்டவிலக்கம் காட்டுவது சிதறலை. துல்லியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்த மடல்களை எண்ணிப் பார்த்ததில் அக்யூரசிக்குத் துல்லியம், பிரசிஷனுக்குச் சிதறாமை என்பவற்றுக்குப் பெரும்பான்மை இருக்கிறது. பெரும்பாலும் களைப்பினால் என்று நினைக்கிறேன். ட்ரூனெஸுக்கு மெய்ம்மை என்று எழுதுகிறேன். தஞ்சை ஐயா காட்டிய ‘உண்மை’யிலிருந்து அரை அடி நகர்ந்தது அது. பயஸுக்குத் தள்ளல். ஒவ்வொன்றும் முதன்முறை வரும் இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே தருவேன். நுட்பம் என்று படித்து வந்தவர்களுக்காக ஓர் அடிக்குறிப்பும் உண்டு.

மடல் 9: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அச்சு அவசரம் புரிகிறது, தடுக்கவில்லை. எனினும் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கோடு போடாமை என்று நினைத்த அந்தப் பிள்ளைக்கு ஒருவர் அந்தக் குறளைச் சொல்லிக் கொடுத்திருந்தால், தராசையும் சேர்த்தே புரிந்துகொண்டிருப்பான். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.