சென்னை மடிப்பாக்கம் பக்கம் தனியாகக் கிட்டார் சொல்லித்தருபவர் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 12 வயது, ஒன்றரை வருடமாகக் கிட்டார் கற்கிறாள். ஜி, சி, டி கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவது) சரளமாக வருகின்றன. எஃப் வந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். (ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டுமே! கடையில் கொடுத்துக் கம்பிகளின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கிய பிறகுதான் அழுகை நின்றது.)

இதுவரை ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். 3 மாதக் கட்டணம் முன்கூட்டியே. ஒரு மணி நேரத்துக்கு 8 பிள்ளைகள். என் மகள் பங்குக்கு 7, 8 நிமிடம்தான். அப்புறம் ஆசிரியர் பாதியில் நின்றுவிட்டார், பணமும் வரவில்லை. இனித் தனி வகுப்புதான் என்று முடிவு செய்துவிட்டோம்.

மடிப்பாக்கம், வேளச்சேரி, நங்கநல்லூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் தயார். வாரம் 2 நாள், 45 நிமிடம் போதும். ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் பழக்க வேண்டும். ட்ரினிட்டி தேர்வில் (லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு) 8 கிரேடும் ஏறியே ஆகவேண்டும் என்ற வெறியெல்லாம் இல்லை.

வகுப்புக்கு 500 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இது நியாயமான தொகையா? மாதக் கணக்காகக் கொடுக்கிறீர்களா, வகுப்புக் கணக்கா? நாங்கள் லீவு போட்டால் பணம் போச்சு, சரி. அவர் லீவு போட்டால்? இதை முதல் நாளே எப்படிச் சங்கடமில்லாமல் பேசுவது?