சபையில மூப்பர்னா யாரு, பாஸ்டருக்கு உதவியாளரா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபையில பாஸ்டர் ஐயாதான் எல்லா முடிவும் எடுக்கறாரு, மூப்பர்னு நாலு பேர் இருக்காங்க ஆனா காணிக்கை எண்றதோட சரி, வேதத்துல அவங்க வேலை இவ்ளோதானா? மனசுக்கு கஷ்டமா இருக்கு.

பதில்:
இல்ல பிரதர். அப்போஸ்தலர் 20 படிங்க. 17ஆம் வசனத்துல பவுல் எபேசு சபை மூப்பர்களை மிலேத்துக்கு கூப்பிடறாரு, 28ல அதே ஆளுங்களைத்தான் கண்காணிகள்னு சொல்லி மந்தையை, அதாவது சபை மக்களை, மேய்க்க சொல்றாரு, அப்போ மேய்க்கிறதே மூப்பர் வேலைதான். ஒரு ஆள் இல்ல, பல பேர். பேதுருவே தன்னை உடன்மூப்பன்னுதான் சொல்லிக்கிறாரு (1 பேதுரு 5:1), எனக்கு ரொம்ப பிடிச்ச வசனம்.

பதில்:
நாங்க பிரதரன் அசெம்பிளி, சம்பள பாஸ்டர் கிடையாது, மூப்பர்கள் சேர்ந்து ஜெபிச்சுதான் முடிவெடுப்பாங்க. லேட் ஆகும், ஆனா ஒருத்தர் தப்பு பண்ணா இன்னொருத்தர் நேர்ல சொல்லிடுவாரு.

பதில்:
பிரஸ்பிட்டேரியன் சபைகள்ல போதகரும் மூப்பர்களும் ஒரே குழுவா உக்காருவாங்க. சபை சீர்திருத்தவாதி கால்வின் 1541ல ஜெனீவாவுல போட்ட சபை ஒழுங்குலயே மூப்பர் தனி ஊழியம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. யாக்கோபு 5:14லயும் வியாதிக்காரன் மூப்பர்களை வரவழைக்கணும்னு இருக்கு, எங்கம்மா மூணு மாசமா படுக்கையில, ஒருத்தரும் வரல. ஞாயித்துக்கிழமை நானே போய் கூப்பிடறேன்.